தவில்காரர் வந்துவிடுவார்

மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் போன வாரத்திலிருந்து தட்டத் தொடங்கியிருக்கிறது. டக், டக், டக். நடுவில் ஒரு மூச்சு. பிறகு டகடகடக என்று ஓர் ஓட்டம். காலையில் நான் தலை வாரிக்கொண்டு நிற்கிற நேரத்துக்குத்தான் அது விழித்துக்கொள்ளும். கோவில்பத்தில் எங்கள் தெருவுக்கே அதன்மேல் எரிச்சல். எனக்கு மட்டும் சீப்பு பாதி முடியில் நின்றுவிடுகிறது. அந்தத் தட்டலுக்கு மேலாக, காதுக்கு உள்பக்கத்தில், ஒரு நாகஸ்வரம் மெல்ல எழுந்து நிற்கிறது. கடல் காற்று அதன் நுனியைப் பிடித்து வளைக்கிறது. தூரத்தில் யாரோ ஒரு பெண், "செருப்பு, ஏ, செருப்பு!" என்று கத்துகிறாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறான்.

செருப்பில்தான் எல்லாம் தொடங்கியது.

எங்கள் சொந்த ஊரான திருவேட்டக்குடியில், கடற்கரை மணலில் அண்ணன் நடந்து வருகிறான். அவனுடைய வலது கால் செருப்பு பின்னால், தூரத்தில், தனியாகக் கிடக்கிறது. அண்ணிதான் முதலில் பார்த்தது. "ஏங்க, ஒரு காலு செருப்பை எங்க விட்டீங்க?" என்று கேட்டதும் அவன் நின்று, குனிந்து, தன் பாதத்தைப் பார்த்தானாம். செருப்பு இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. காலுக்குத் தெரியவில்லை.

காரைக்காலிலிருந்து கடலுக்குப் போகிற விசைப்படகு ஒன்றில் அண்ணன் டிரைவர். இன்ஜினைப் பார்த்துக்கொள்கிறவனை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். மற்றவர்கள் மேலே வலையோடு நிற்பார்கள். அண்ணன் கீழே, குனிந்தும் மண்டியிட்டும், டீசல் மணத்துக்குள் கிடப்பான். அந்தக் குனிவுதான் முதுகைத் தின்றதோ என்னவோ. முதுகில் ஒரு நரம்பு நசுங்குகிறது என்றார் டாக்டர். எது, எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. படம் பார்த்தால்தான் தெரியும். தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பாதம் தூக்க வராமலே போய்விடும், பிறகு ஆபரேஷன் செய்தாலும் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார். ஆடுகிற படகில் ஒற்றைக் காலில் நிற்க முடியாது. அண்ணனுக்கு வேறு வேலை தெரியாது. வேறு வேலை செய்கிற அண்ணனை எனக்கும் தெரியாது.

படம் எடுக்கப் போன அன்று நான் அலுவலகத்தில் இருந்தேன். மேசை மேல் போன் அதிர்ந்தது. அண்ணி.

"பாப்பா, ஒங்கண்ணன் பாதியில எழுந்து வந்துட்டாரு."

எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த வீட்டில் இன்னமும் நான் பாப்பாதான்.

"என்னாச்சுங்க அண்ணி?"

"என்னாச்சோ. உள்ள போனாரு, கதவைச் சாத்துனாங்க. ஒரு டீ குடிச்சிட்டு வரலாமான்னு நெனைக்கிறதுக்குள்ள 'நிறுத்து, நிறுத்து'ன்னு சத்தம். வேர்த்து ஊத்திக்கிட்டு வந்து நிக்கிறாரு. கேட்டா வாயே தொறக்க மாட்டேங்குறாரு. ஆட்டோவுல ஏறி உக்காந்துக்கிட்டு, வான்னு கையைக் காட்டுறாரு."

மூடின குழாய்க்குள் படுக்கப் பலருக்கும் பயம் வரும், இது புதிதில்லை என்று அங்கே படம் எடுக்கிற தம்பி அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அசைந்தால் படம் கலங்கிவிடும். அரைமணி நேரம் போல ஆணி அடித்தமாதிரி கிடக்க வேண்டும். "மறுபடி வரும்போது மனசுக்கு அமைதியா இருக்கிற மாதிரி ஏதாவது பாட்டு கொண்டாங்கம்மா. ஹெட்போன்ல போட்டு விடுறேன். நெறைய பேருக்கு அது கை குடுக்குது" என்றாராம்.

மறுபடி எங்கே வருவது! செய்தி அண்ணனுக்கு முன்னால் ஊருக்குள் வந்திருந்தது. வலை பின்னுகிற கொட்டகையில் யாரோ சொன்னார்கள்: "புயல்ல போட்டை ஓட்டிக்கிட்டு வந்த மனுசன், பொட்டிக்குள்ள படுக்கப் பயந்துட்டாராமே!" கேலிதான். கேலி செய்தவனே மறுநாள் நல்ல சங்கரா மீனாகப் பார்த்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். ஆனால் அண்ணன் கொட்டகைப் பக்கம் போவதை விட்டுவிட்டான். மயக்க ஊசி போட்டு எடுக்கிற ஆஸ்பத்திரி தஞ்சாவூரில் இருக்கிறது என்றால், "நெனவில்லாம என்னை எவன் கையிலயும் குடுக்க மாட்டன்" என்றான். கட்டிலில் கிடந்தான். கால் கட்டை விரலை ஆட்டிப் பார்ப்பான். அது ஆடுகிறதா என்று அண்ணியிடம் கேட்பான். ஆடாதபோதும் அண்ணி, ஆடுது என்பாள்.

அமைதிக்குப் பாட்டு என்றதும் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்ததில் ஆச்சரியமில்லை. நான் ஓரிடத்தில் உட்காராத பிறவி. சோறு சாப்பிடும்போதே எழுந்து ஜன்னல் வரை போய்விட்டு வருவேன். கவிதை மாதிரி ஏதோ எழுதுகிறேன் என்றால் அதையும் நடந்துகொண்டேதான். சில வருஷங்களுக்கு முன்பு, பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது காரணமில்லாமல் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. கை சில்லிட்டுப் போகும். இறங்கி ஓடத் தோன்றும். பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். அப்படியென்றால் உள்ளே ஓடுவது யார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்போது என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒரு புல்லாங்குழல். யாரோ செல்போனில் அனுப்பியது. வாசிக்கிறவர் மிக மெதுவாக வாசித்தார். ஒவ்வொரு நீட்டலுக்குப் பிறகும் அவர் மூச்சு எடுப்பது கேட்கும். அவர் எடுக்கிற இடத்தில் நானும் எடுத்தேன். அவர் விடும்வரை நானும் விட்டேன். பேருந்து அலுவலக நிறுத்தத்துக்கு வந்தபோது என் கை சூடாக இருந்தது. யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை, எதுவும் சரியாகவும் ஆகிவிடவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் மூச்சுக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரம் போயிருந்தேன். அன்றிலிருந்து செல்போனில் சேர்க்கத் தொடங்கினேன். குழல், வீணை, தம்பூரா, மழை, அலை, விடியற்காலைப் பறவைகள். மாத்திரைப் பெட்டி போல வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். படபடப்பு இன்றும் வருவதுண்டு. வந்தால் என்ன எடுத்துக் கொடுப்பது என்று தெரியும்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏதோ பெரிய வைத்தியர் போல, கோட்டுச்சேரியில் பஸ்ஸை விட்டிறங்கி ஆட்டோ பிடித்து அண்ணன் வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

"வா பாப்பா. மருந்து கொண்டாந்திருக்கியாமே, காதுல ஊத்துற மருந்து" என்றான் அண்ணன், கட்டிலை விட்டு எழாமல்.

"கேலி பண்ணாதண்ணே. கண்ணை மூடு."

முதலில் அலையைத்தான் கொடுத்தேன். என் சேகரத்திலேயே எனக்குப் பிடித்தது. நுரை வருவதும் வடிவதுமாக, நடுவில் யாரோ பியானோவை ஒரு விரலால் தொடுவார்கள். கடல்காரனுக்குக் கடலை விட எது ஆறுதல் என்று நினைத்தேன்.

கண்ணை மூடினவன் உடனே திறந்தான். எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

"இது எந்தக் கடலு?"

"ஏதோ வெளிநாட்டுக் கடல்ணே. மனசுக்கு அமைதின்னு போட்டிருக்கான்."

"இதுல என்ன அமைதி? கரை எந்தப் பக்கம்னே தெரியல. இதைக் கேட்டுக்கிட்டு எவன் படுத்திருப்பான்?"

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இத்தனை வருசமா கேட்டதையே திரும்பக் கொண்டாந்து குடுக்குறியே, பாப்பா. லீவு நாள்ல ஒன் ஆபீசரு பேசுறதைப் போட்டா நீ தூங்குவியா?"

சரி, மழை. அண்ணிக்கும் கேட்கட்டும் என்று இயர்போனைப் பிடுங்கிவிட்டு வெளியில் கேட்கிற மாதிரி வைத்தேன். ஓட்டின் மேல் விழுகிற மழை, தூரத்து இடி. அதற்குள் அண்ணி கொல்லைப் பக்கம் போயிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. "ஐயோ கருவாடு!" என்று ஒரு கத்தல். கொல்லையில் காயப்போட்டிருந்த கருவாட்டைப் பாயோடு சுருட்டிக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வானத்தைப் பார்த்தாள். செல்போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அண்ணன் அன்றைக்குத்தான், செருப்பு விழுந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தான்.

"சிரிங்க, சிரிங்க. நாளைக்குக் குழம்புக்குப் போன்ல பெய்ஞ்ச மழையை ஊத்துறன்" என்றாள் அண்ணி. கருவாடு மறுபடி வெயிலுக்குப் போனது.

கடைசியில் வீணை. அது வேலை செய்தது. அண்ணனின் நெற்றி தளர்ந்தது, வாய் சற்றுத் திறந்தது, குறட்டை வந்தது. நான் அண்ணியைப் பெருமையோடு பார்த்தேன். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா படுத்தா தூங்குறாரு. அங்க மிஷினு சத்தம் போடுமே, பாப்பா. வெளியில உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு. டக்கு டக்குன்னு. அப்பத் தூங்குவாரா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், அடுப்படிக்குப் போய் அலுமினியக் குண்டானையும் கரண்டியையும் எடுத்து வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டக். டக். டக். டக்.

அண்ணனின் கண் திறக்கவே இல்லை. கைதான் முதலில் விழித்தது. வலது கை கட்டிலிலிருந்து இறங்கி, முன்னால் போய், எதையோ தேடிப் பிடித்து இழுக்கப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. வெறும் காற்றைப் பிடித்து இழுத்தது. பிறகுதான் அவன் எழுந்தான். முகமெல்லாம் வேர்வை.

"என்னாது தட்டுது?"

"நான்தாங்க. சும்மா…"

அந்தக் கை எதைத் தேடியது என்று எனக்குப் புரிய நேரமாகவில்லை. சின்ன வயதில் அண்ணன் என்னைப் படகுக்குள் இறக்கிக் காட்டியிருக்கிறான். இன்ஜினை நிறுத்துகிற கம்பி அந்த உயரத்தில்தான், அந்தத் தூரத்தில்தான் இருக்கும்.

"அண்ணே, நீ பொட்டிக்குப் பயப்படலை" என்றேன்.

அவன் தலைகாணியைத் திருப்பிப் போட்டான். துண்டால் முகத்தைத் துடைத்தான். அண்ணியின் மடியில் இருந்த குண்டானைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"பொட்டி எனக்கென்ன பெருசு? அதைவிடச் சின்ன எடத்துல கெடந்திருக்கன். அது தட்டுச்சு பாப்பா. பேரிங் போன இன்ஜின் தட்டுமே, அந்தத் தட்டு. பக்கத்துலயே இன்ஜின் தட்டுது, டிரைவரு படுத்திருக்கான், கையை ஆட்டாதேங்குறாங்க. எவனும் வந்து நிறுத்த மாட்டேங்குறான். அடுத்து ஒடையும், அடுத்து ஒடையும்னு…"

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்றாள் அண்ணி.

"என்னான்னு சொல்றது? மிஷினு தட்டுச்சு, டிரைவரு பயந்து ஓடியாந்துட்டான்னா? பொட்டிக்குப் பயந்தான்னு சொல்றதே தேவல."

வெளியில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

"ஒரு தடவை தட்டுறப்ப நிறுத்தாம விட்டுட்டன். பொங்கலுக்கு மொத நாளு. எல்லாரும் வீட்டுக்குப் போற அவசரம். கரை வரைக்கும் தாங்கும்னு நெனைச்சன். தாங்கல. ஒடைஞ்சு நின்னுடுச்சு. காத்து போட்டை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

அந்தப் பொங்கல் எனக்கு நினைவிருக்கிறது. ஊரே கரையில் நின்றது. பொங்கலன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. மறுநாள் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. எல்லோரும் உயிரோடு வந்தார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"டீசல்ல தண்ணி கலந்துருச்சுன்னு சொன்னீங்க" என்றாள் அண்ணி, மெதுவாக.

"ஆமா. சொன்னன்."

அண்ணி கரண்டியைக் குண்டானுக்குள் சத்தமில்லாமல் வைத்தாள். கோபமா, அழுகையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. இத்தனை வருஷமும் இந்த மனிதன் இன்ஜின் பலகையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் படகில் தூங்குவான் என்று மற்றவர்கள் சொல்லி அவளும் கேட்டிருக்கிறாள், பெருமைப்பட்டிருக்கிறாள். அந்தக் கைக்குக் காரணம் இப்போதுதான் கேட்கிறாள். அவனுடைய மரத்துப்போன பாதத்தைப் பிடித்துத் தன் மடியோரம் வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து நடக்கத் தொடங்கினேன். கூடம், வாசல், கூடம். என்னிடம் இருந்த பாட்டெல்லாம் ஒரு சத்தத்தை மூடுவதற்கானவை. எனக்கு அது போதும். என் நெஞ்சுச் சத்தத்துக்குப் பொருள் கிடையாது, மூடலாம். ஆனால் தட்டுகிற இன்ஜினை மூடி வைத்துவிட்டுத் தூங்கு என்று ஒரு டிரைவரிடம் எப்படிச் சொல்வது? அவன் ஒரு தடவை அப்படிக் காதை மூடிக்கொண்டதற்குத்தான் இவ்வளவும்.

"நீ மொதல்ல ஒரு எடத்துல ஒக்காரு பாப்பா" என்றான் அண்ணன். "நீ நடக்குறதே தட்டுற மாதிரி இருக்கு."

உட்கார்ந்தேன். ஆறிப்போன டீயைக் குடித்தேன். பேச்சை மாற்றுவதற்காகத்தான் அண்ணி தன் போனை எடுத்தாள். "அந்த வீணையை விடு. பச்சப்புள்ளைக்குப் போடுற மாதிரி இருக்கு. இவருக்கு மேளம்னாதான் உசுரு. மாசி மகத்துக்கு சாமி வந்தப்ப ஒன் மருமவ வீடியோ எடுத்தாளே, அதைப் பாரு" என்றாள். அவள் மகள், கல்யாணமாகிச் சென்னையில் இருப்பவள், அந்த முறை ஊருக்கு வந்திருந்தபோது எடுத்தது. படம் பார்க்கிற மாதிரி இல்லை. முழுக்கத் தோளும் குடையும்தான். சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது.

மாசி மகத்துக்கு எங்கள் ஊரில் சாமி கடலாட வரும். தெரு வரைக்கும் நாகஸ்வரமும் தவிலும் ஒன்றாகத்தான் வரும். மணல் தொடங்கியதும் நிலைமை மாறும். நாகஸ்வரக்காரர் மெலிந்த மனிதர். குழலைத் தூக்கிக்கொண்டு சாமிக்கு முன்னால் நடந்துவிடுவார். தவில்காரருக்கு அப்படி முடியாது. தோளில் அத்தனை கனம், பாதம் கணுக்கால் வரை புதையும். பின்தங்கிவிடுவார். கொஞ்ச தூரத்துக்கு நாகஸ்வரம் மட்டும் தனியாக, தாளமில்லாமல், காற்றோடு இழுத்துக்கொண்டு போகும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை. தவில் எப்போது வந்து சேரும் என்று காத்திருப்போம். ஈர மணல் வந்து கால் ஊன்றக் கிடைத்ததும், பின்னாலிருந்து டக், டகடக என்று வரும். ஊரே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும்.

அண்ணியின் போனில் இருந்தது அந்தத் தனி நாகஸ்வரம். அதற்குப் பின்னால் அலை. நடுவில் மணலில் செருப்பைத் தொலைத்த ஒருத்தியின் குரல்: "செருப்பு, ஏ, செருப்பு!"

அண்ணன் படுத்துக்கொண்டான். "இது நம்ம கடலு" என்றான். "நாம கரையில நிக்கிறோம்."

கண்ணை மூடினான். நாகஸ்வரம் ஒரு சுரத்தில் ஏறி நின்று, இறங்க மனமில்லாமல் அங்கேயே சுற்றியது. இதை அமைதியான இசை என்று எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தையே எழுப்பி உட்கார வைக்கிற வாத்தியம். என் மாத்திரைப் பெட்டியில் அதற்கு ஓர் இடம்கூட நான் ஒதுக்கியதில்லை.

"தவில்காரரு மணல்ல மாட்டிக்கிட்டாரு" என்றான் அண்ணன், தூக்கக் குரலில்.

அண்ணி குண்டானை எடுத்து வைக்கத்தான் எழுந்தாள். உள்ளே கிடந்த கரண்டி உருண்டு இடித்தது. டக்.

மூன்று பேரும் அசையவில்லை. நான் அந்த வலது கையையே பார்த்தேன். விரல்கள் ஒருமுறை மடங்கின. விரிந்தன. கட்டிலின் மேலேயே கிடந்தன.

"வந்துட்டாருய்யா" என்றான் அண்ணன். உதட்டோரம் சிரிப்பு.

அண்ணி நின்றபடியே இன்னொரு தடவை தட்டினாள். பிறகு மெல்ல உட்கார்ந்து, வேகமாக. தாளம் தப்பும் தவறுமாக, கோபமாக, அந்தப் பழைய பொங்கலைத் தட்டுவது மாதிரித் தட்டினாள். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்குவதை அவன் பார்க்கவில்லை. கண்ணை மூடியே இருந்தான்.

"தவில்காரரு இன்னைக்குக் கொஞ்சம் கோவமா இருக்காரு போலருக்கே" என்றான்.

"பேசாம படுங்க. படம் கலங்கிடும்" என்றாள் அண்ணி.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஒத்திகை. அந்த வாரம் அலுவலகம் விட்டதும் சில நாட்கள் நேராக அங்கே போனேன். பதிவில் தவில் வந்து சேருகிற இடத்தை வெட்டிவிட்டு, தனி நாகஸ்வரம் மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரிச் செய்துகொண்டேன். செருப்புக்காரியையும் வெட்டப் போனேன். அண்ணன் விடவில்லை. "அந்தம்மா இருக்கட்டும். அவங்க செருப்பு கெடைக்கலையே இன்னும்" என்றான்.

அவனைக் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுக்க வைத்தோம். மூக்குக்கு நேரே பலகை. காதில் நாகஸ்வரம். பக்கத்தில் அண்ணி, குண்டானும் கரண்டியும். சில சமயம் மிக்ஸியை வெறுமனே ஓட்டுவாள். ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களையும் கரண்டியோடு நின்ற அண்ணியையும் பார்த்துத் திகைத்துப் போனாள்.

"என்னாடி, அண்ணனை அடிச்சே போட்டுட்டியா?"

"இன்னும் அடிக்கல. படம் எடுத்துட்டு வந்ததும்தான் இருக்கு" என்றாள் அண்ணி. கட்டிலுக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

எல்லா நாளும் நன்றாகப் போகவில்லை. ஒரு மாலை கை மறுபடி நீண்டது. நாகஸ்வரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் உருண்டு வெளியே வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அண்ணி முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவனே, "தவில்காரரு விழுந்துட்டாரு. தூக்கிவிட்டுட்டு வந்தன்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாயில் படுத்தான். அவன் பயம் போய்விட்டது என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அது வந்து உட்கார அவன் ஓர் இடம் போட்டுக் கொடுத்தான். ஊர்வலத்தில், தனக்குப் பின்னால், மணலில்.

இரண்டாவது தடவை ஸ்கேன் சென்டருக்கு மூவரும் போனோம். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. அண்ணி தாலியைக் கழற்ற மாட்டாள். அதனால் அவனைப் படுக்க வைக்கும் வரை கூட இருக்க நான் உள்ளே போனேன். சங்கிலி, தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் அண்ணியின் கையில் கொட்டினேன். அண்ணன் இடுப்பிலிருந்து அரைஞாணைத் தாயத்தோடு அவிழ்த்தான். கடலில் இருந்த எந்த நாளிலும் அவன் அதைக் கழற்றியதில்லை. அதை அண்ணியின் கையில் வைத்து, அவள் விரல்களை மடக்கிவிட்டான். 

அறை குளிர்ந்து கிடந்தது. அந்தத் தம்பி என் போனை வாங்கி வெளியறையில் இணைத்துக் கேட்டுப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் அவர் புருவம் உயர்வது தெரிந்தது. கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"அக்கா, இது நாயனம்தானே? தவிலே காணுமே?"

"தவிலு நீங்கதான் தம்பி" என்றான் அண்ணன், படுத்தபடி. தம்பிக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்.

அன்று படம் கலங்காமல் வந்தது. ஆபரேஷன் ஆயிற்று. இப்போது செருப்பு நழுவினால் அண்ணனே நின்று திரும்பிப் பார்க்கிறான். கடலுக்குப் போகலாமா என்று டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லை. படகு கரையில் இருக்கும் நாட்களில் இறங்கிப் போய், இன்ஜின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு வருகிறான். அதெல்லாம் பிறகு வந்தவை. மாடி வீட்டு மோட்டார் தட்டும்போது எனக்கு வருவது அந்தக் குளிர்ந்த அறையின் வாசல்தான்.

தம்பி அண்ணன் கையில் ரப்பர் பந்தைக் கொடுத்தார். முடியாவிட்டால் அமுக்கலாம். அவன் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை வெறுமனே பக்கத்தில் போட்டான். ஹெட்போனை மாட்டப் போனபோது, கொஞ்சம் பொறுங்க என்று கண்ணால் தடுத்தான். நான் அதற்குள் கதவு வரை போய், திரும்பி, மறுபடி போய், திரும்பியிருந்தேன். எனக்கே தெரியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது.

"பாப்பா."

"என்னண்ணே?"

"வெளியில போயி அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டு இருக்காத. ஒங்கண்ணி பக்கத்துல ஒக்காரு. தவில்காரரு வந்துருவாரு."